இருட்டைப் படம் எடுக்க வந்த விளக்கு

உள்ளது உள்ளபடி படம் எடுக்கப் போகிறோம் என்று பெரிய டீச்சர் காலைப் பிரேயரில் சொன்னார். அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் உள்ளதை எல்லாம் ஒளித்து, இல்லாததைக் கொண்டுவந்து வைக்கிற வேலை தொடங்கிவிட்டது. முன்பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அதுவும் முழுச் சுவருக்கு இல்லை, கேமராவின் கண்ணுக்கு எட்டுகிற உயரம் வரைதான். அதற்கு மேலே பழைய பாசி பத்திரமாக இருந்தது. செண்பகத்தோப்பு வனத்துறைக்காரர்களிடம் கெஞ்சித் தொட்டிச் செடிகள் இரவல் வாங்கி வந்தார்கள். வாசலில் படுத்து அசைபோடுகிற ஆடுகளை விரட்டுவதற்கென்று ஓர் ஆள் போட்டார்கள். நூலக அறைக்குச் சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்தார்கள். உள்ளே நிஜமாகவே புத்தகங்கள் இருந்ததைப் பார்த்து டீச்சர்மார்களுக்கே ஆச்சரியம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அது. நான் அங்கே சத்துணவுச் சமையலர். பலபேர் ஆயா என்று கூப்பிடுவார்கள், நான் திரும்ப மாட்டேன். ஆயா என்பவள் எனக்கு உதவிக்கு இருந்தவள். வன்னியம்பட்டியிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும், குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே உப்புப் பார்க்கிறவள். யாரும் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டிய நிலையில் நான் இருந்ததில்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. சமையல் கொட்டகையில் விளக்கு கிடையாது. இருந்த ஒரே ஜன்னலையும் சைக்கிள் நிறுத்தச் சுவர் எழுப்பியபோது சேர்த்து அடைத்துவிட்டார்கள். அடுப்பு எரிந்தால் அடுப்பு தெரியும், வேறொன்றும் தெரியாது. அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் கல் பொறுக்குவேன். என் சோற்றில் கல் கடிபட்டது என்று ஒரு பிள்ளையையும் சொல்ல விட்டதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரத்தடியை மறந்துவிட வேண்டியதுதான். கொட்டகைக்குள் விரலால் தடவித்தான் எது அரிசி, எது கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். குழம்பில் ஒரு பல்லி விழுந்து ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேப்பரில் என் பெயர் வரும். இருட்டின் பெயர் வராது.

ஒரு பல்பு போட்டுத் தாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டேன். பெரிய டீச்சர், "கொட்டகை யூனியன் ஆபீஸ் கெட்டுனதும்மா. அவியதான் கரண்டு குடுக்கணும்" என்பார். யூனியன் ஆபீசுக்குப் போனால், "கொட்டகைதாம்மா எங்களுது. கரண்டு பள்ளிக்கூடத்துது" என்பார்கள். கொட்டகை அவர்களுக்கு, கரண்டு இவர்களுக்கு. இருட்டு மட்டும் எனக்குப் பாத்தியப்பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மதுரையிலிருந்து தாடி வைத்த ஒரு தம்பி, தோளில் ஜோல்னாப் பையோடு வந்தார். பிள்ளைகளே யோசித்து, பிள்ளைகளே எழுதி, தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்கப் போகிறார்களாம். இவர் வழிகாட்ட மட்டும் வந்திருக்கிறாராம். எடுத்த படத்தை ஜில்லாக் கல்வி அதிகாரி பார்ப்பார், நன்றாக இருந்தால் கோப்பை உண்டு. கோப்பை என்றதும் பெரிய டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. ஏற்கெனவே வாங்கிய கோப்பைகளைத் துடைக்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என் வேப்பமரத்தடியில்தான் கூட்டம் போட்டார்கள். அதனால் கல் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். மேடையை எடுக்கலாம் என்றாள் ஒருத்தி. கொடிக்கம்பத்தை எடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. அவர்களுக்குத் தலைவியாக ஒரு நெட்டைப் பிள்ளை இருந்தாள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, கொடிக்கம்பம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயுந்தான் இருக்கு. பெரியம்மா எதுக்கு தெனமும் வெளிய ஒக்காந்து கல்லு பொறுக்குதாகன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. எழுந்து போய்க் கொட்டகைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பின்னாலேயே தாடித் தம்பியும் பார்த்தார். நான் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த இருட்டின் முன்னால் அவர் கன்னத்தில் கை வைத்து நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! சாமி தரிசனத்துக்குக்கூட அப்படி யாரும் நின்றதில்லை.

"அருமையான இருட்டும்மா!" என்றார்.

"வேணும்னா எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன்.

மறுநாள் பிள்ளைகள் எழுதிய வசனத்தை அவர் திருத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி நெட்டைப் பிள்ளையை வாசிக்கச் சொன்னார். கொட்டகையில் விளக்கில்லை, மழை வந்தால் கஷ்டம் என்று பிள்ளைகள் எழுதியது வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு, 'இருளில் வாடும் ஏழைத் தாய்' என்று வந்தது. 'கண்ணீரோடு கஞ்சி காய்ச்சும் கரங்கள்' என்றும் வந்தது.

"யாரு அந்த ஏழைத் தாய்? வேற ஆளு வருதாகளா?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் காட்டியது.

"தம்பி, நான் காய்ச்சுறது கஞ்சி இல்ல. சோறும் சாம்பாரும். வாரம் விட்டு வாரம் முட்டை. கண்ணீர் விட்டா உப்புக் கூடிப்போகும்" என்றேன்.

அவர் பொறுமையாக, இது யதார்த்தம் என்று விளக்கினார். கூடவே, படம் எடுக்கிற அன்றைக்குக் கொஞ்சம் கிழிந்த சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தால் யதார்த்தம் இன்னும் கூடும் என்றார்.

"எங்கிட்ட கிழிஞ்சது இல்லியே தம்பி. ஒங்க வீட்ல இருந்து ஒண்ணு கொண்டாங்க."

அதோடு சேலைப் பேச்சு நின்றது.

அப்புறம் கேமராக்காரர் இடம் பார்க்க வந்தார். ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணத்தைத் தவிர வேறொன்றும் எடுத்தறியாதவர். வந்ததும், "முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகள் சாப்பிடுகிற வரிசையை எடுக்கும்போது ஒரு முகம்கூட விட்டுப்போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். கல்யாண வீட்டார் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'எங்க மூஞ்சி எங்கய்யா' என்று சண்டைக்கு வருவார்களாம். கடைசியில் என் கொட்டகைக்குள் கேமராவோடு நுழைந்தவர், நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"இதுக்குள்ள ஒண்ணுமே விழாதுக்கா. ஃபோகஸ் லைட்டு போட்டாத்தான் ஆகும். அதுக்கு லைன் இழுக்கணும்."

தாடித் தம்பி பதறினார். "லைட் போட்டா இருட்டு போயிடுமே!"

"லைட்டு போடாட்டி படமே போயிரும் சார். இருட்டு தெரியணும்னாலும் லைட்டு வேணும்."

இருட்டைக் காட்ட வெளிச்சம் வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமும் வெறும் வாயால் இருட்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்படித் தெரியும் அவர்களுக்கு?

பெரிய டீச்சர் முதலில் முடியாது என்றார். யூனியன் கொட்டகை, பள்ளிக்கூடக் கரண்டு என்று அதே பாட்டுத்தான். கோப்பையை ஞாபகப்படுத்தினார்கள். "ஆண்டவரே" என்று மேலே பார்த்தார். ஆண்டவர் சம்மதித்துவிட்டார் போல. அன்று சாயங்காலமே எலக்ட்ரீசியன் வந்து, ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, முருங்கை மரத்தில் ஒரு கட்டுக் கட்டி, கொட்டகைக்குள் சுவிட்சு, பிளக்கு, பல்பு மாட்டுகிற ஹோல்டர் எல்லாம் வைத்துவிட்டுப் போனார். வருஷக்கணக்காகச் சட்டத்தில் இடமில்லாத வேலை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

கேமராக்காரர் ஃபோகஸ் லைட்டைச் சொருகிச் சரிபார்த்தார். பளீரென்று அடித்தது. என் கொட்டகையை நானே அப்போதுதான் பார்த்தேன். மூலைக்கு மூலை ஒட்டடை, கரி பிடித்துச் சடையாகத் தொங்கியது. சுவர் முழுக்க அண்டாவின் அடிப்பாகம் போலக் கறுப்பு. ஓட்டுக்கடியில் பல்லிகள் குடும்பத்தோடு இருந்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இதையா அந்த அதிகாரி பார்ப்பார்? என் அடுப்படியையா?

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. உதவிக்கு இருந்தவளை வரச்சொன்னேன்.

"ஏட்டி, வெளக்கமாத்த எடு. அம்புட்டையும் இன்னைக்கே கழுவுறோம்."

"எதுக்குக்கா? படத்துக்கு இருட்டாத்தான வேணும்னாக?"

"இருட்டா இருக்கலாம். அழுக்கா இருக்கக் கூடாது."

ஒட்டடை அடித்தோம், சுவரைத் தேய்த்துக் கழுவினோம். முன்பக்கச் சுவருக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு வாளியில் கிடந்தது. அதையும் அடித்தோம். கேமராவின் கண் எட்டுகிற உயரம் வரை மட்டுமில்லை, ஓடு வரைக்கும்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு வந்த தாடித் தம்பி வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்றார். ஒரு நல்ல இருட்டைப் பறிகொடுத்தவரின் துக்கம் எனக்கும் புரிந்தது, ஆனால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை. செத்த நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, அடுப்பிலிருந்து கரி எடுத்துச் சுவரில் லேசாகப் பூசலாமா என்று கேட்டார்.

"எவளாவது கரியத் தொட்டா, கரண்டி பேசும்" என்றேன். எவளும் தொடவில்லை.

பெரிய டீச்சருக்குக் கொட்டகை வெள்ளையாக இருந்தது ரொம்பப் பிடித்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா, படத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார். போகிறபோது எலக்ட்ரீசியனைப் பற்றி எழுத்தரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நாளைக்கு ஷூட்டிங் முடிஞ்சதும் அவர வரச்சொல்லுங்க. சாயங்காலமே லைனக் கழட்டிரணும். யூனியன் கொட்டகைல நம்ம கரண்டு ஓடக் கூடாது."

மேற்கே மலைமேல் கருமேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கோ மறுநாளோ மழை நிச்சயம். வெளிச்சம் வீட்டுக்குள் வந்து, உட்காராமலே போகப் போகிறது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. கெஞ்சுவது என் பழக்கமில்லை. அதைவிட, ஏழைத் தாய் என்று எழுதியது சரிதான் என்று தாடித் தம்பிக்குத் தோன்றிவிடும்.

ஒத்திகை தொடங்கியது. லைட்டைப் போட்டார்கள். பெரிய டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நெட்டைப் பிள்ளை கையில் மைக்கோடு என் பக்கத்தில் நின்றாள். தாடித் தம்பி, "எழுதிக் குடுத்தது வேண்டாம்மா. உங்க மனசுல இருக்கிறதப் பேசுங்க, யதார்த்தமா" என்றார். வெள்ளையடித்த கொட்டகைக்கு அவர் எழுதிய இருட்டு வசனம் ஒட்டாது, வேறு வழி மிச்சமில்லை.

பிள்ளை கேட்டாள்: "பெரியம்மா, இந்தச் சமையல் கூடத்தப் பத்திச் சொல்லுங்க."

நான் அண்டாவில் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டே, கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். "அய்யா, வணக்கம். இங்க இப்ப வெளிச்சமா இருக்குல்லா? இது ஒங்களுக்குக் காட்டத்தான். நீங்க இந்தப் படத்தப் பாக்கும்போது இந்த லைட்டு இங்க இருக்காது. நாளைக்குச் சாயங்காலம் கழட்டிருவாக. நீங்க கோவிச்சுக்கிறாதீக. பொறவு நாங்க எப்பவும்போல இருட்டுல கல்லு பொறுக்கிச் சோறு போடுவோம்."

கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்தார். தாடித் தம்பியின் கண்கள் மின்னின. பறிபோன இருட்டு வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது அல்லவா? "இதுதாம்மா! நாளைக்கும் இதையே சொல்லுங்க!" என்றார்.

பெரிய டீச்சர் எழுந்துவிட்டார். "அதெப்பிடிம்மா அதச் சொல்லலாம்? அதிகாரி என்ன நெனைப்பாரு?"

"மனசுல இருக்கிறதத்தான பேசச் சொன்னாக டீச்சர்."

"வேற ஏதாச்சும் சொல்லு. முட்டை போடுறதச் சொல்லு."

"முட்டையும் சொல்றேன். முட்டைக்குப் பொறவு இதையும் சொல்றேன்."

அப்போது அந்த நெட்டைப் பிள்ளை, மைக்கைக் கீழே இறக்காமல், வகுப்பில் சந்தேகம் கேட்கிறவள்போலப் பவ்வியமாகக் கேட்டாள்.

"டீச்சர், லைனக் கழட்டாம விட்டுட்டா பெரியம்மா சொல்றது பொய்யாயிரும்ல? பொய்யப் படத்துல சொல்லக் கூடாதுல்லா?"

பெரிய டீச்சர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேலே கூரை ஓட்டைப் பார்த்து, "ஆண்டவரே" என்றார். அதோடு எலக்ட்ரீசியனுக்கு ஆள் அனுப்பி லைனைக் கழற்றுகிற பேச்சும் நின்றது.

மறுநாள் நான் பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய், முட்டையைப் பற்றி மட்டும் பேசினேன். ஏழைத் தாயும் இல்லை, இருட்டும் இல்லை, கோப்பையும் வரவில்லை. படம் பார்த்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்களாம். தாடித் தம்பி அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வரவில்லை. எங்கேயாவது நல்ல இருட்டாகக் கிடைத்திருக்கும்.

கேமராக்காரர் ஃபோகஸ் லைட்டை எடுத்துக்கொண்டு போனதும், காலி ஹோல்டரில் மாட்டுவதற்குப் பெரிய டீச்சர் ஒரு பல்பு கொடுத்தனுப்பினார். பிரித்துப் பார்த்தால், சிவப்புக் கலரில் ஜீரோ வாட்ஸ் பல்பு! அதைப் போட்டால் அது எரிகிறது என்பது மட்டும் தெரியும். மறுநாள் காலையில் வரும்போது பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு அறுபது வாட்ஸ் பல்பு வாங்கி வந்து நானே மாட்டினேன். இரண்டாம் நாள் மழை பிடித்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளேயே உட்கார்ந்து, கல்லைக் கல்லாகப் பார்த்தே பொறுக்கினேன்.

குடையோடு எட்டிப் பார்த்த டீச்சர் முகத்தைச் சுளித்தார். "நான் குடுத்தது இது இல்லியேம்மா?"

"அது பத்திரமா இருக்கு டீச்சர்" என்று எடுத்து நீட்டினேன். "கிறிஸ்மஸ் வருதுல்லா, வீட்டு வாசல்ல ஸ்டாருக்குள்ள மாட்டுங்க. அம்சமா இருக்கும்."

அவர் வாங்கிக்கொண்டு போனார். மார்கழியில் அவர் வீட்டுப் பக்கம் போனபோது பார்த்தேன். காகித ஸ்டாருக்குள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் சொன்ன மாதிரியே அம்சமாகத்தான் இருந்தது.