வீட்டுக்கு ஒரே மெயில் ஐடி

ரேஷன் கார்டு மாதிரி மெயில் ஐடியும் வீட்டுக்கு ஒன்று போதும் என்பது என் கணவர் போட்ட சட்டம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. கல்பாக்கம் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒன்று. இரண்டிலும் அதே ஐடி. நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். குழந்தை பிறந்து வீட்டோடு கிடந்த எனக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. என்னோடு விண்ணப்பித்த எதிர் பிளாட்காரிக்கு மெயிலில் அழைப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எந்த மெயிலுமே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புதுப்பட்டினம் பிரவுசிங் சென்டர்காரரிடம் கேட்டேன்.

“உங்க வூட்டுக்காரரு ஆபீஸ் கம்ப்யூட்டரு மெயிலை எறக்கிகினு சர்வர்ல தொடச்சிடுது மேடம். அப்பால வூட்டுக்கு இன்னா வரும்? சர்வர்ல ஒரு காப்பி விடுன்னு டிக் போடற எடம் ஒண்ணு கீது. போட்டுட்டா ரெண்டு எடத்துலயும் எறங்கும். எது ஏற்கெனவே எறங்கிச்சுன்னு அந்தந்தக் கம்ப்யூட்டரே ஞாபகம் வச்சிக்கும். அங்க அழிச்சாலும் இங்க வந்துடும்.”

கணவரிடம் சொல்லிச் செய்யச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழைப்பு அங்கே இறங்கியிருந்தால் அவர் எனக்குச் சொன்னாரா? நான் ஏன் சொல்ல வேண்டும்?

ஆயுத பூஜைக்கு ஆபீஸில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். அவர் எல்லோருக்கும் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கம்ப்யூட்டரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குங்குமம் வைக்கிற சாக்கில் உட்கார்ந்து அந்த டிக்கைப் போட்டேன். திருட்டுத்தனம்தான். இருந்தால் என்ன!

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டில் மெயில் இறங்கியது. முதல் அழைப்புக்குப் பதில் இல்லை என்று காலையிலேயே கல்லூரி அனுப்பிய நினைவூட்டல். வியாழக்கிழமை நேர்காணல். அவரே வந்து சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். சாமி, என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும், கோணல் புத்தி எனக்கே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன். “ஏங்க, காலேஜ்லேர்ந்து ஏதாவது வந்துச்சா?”

“ஒண்ணும் வரலையேம்மா.” என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். “விடு. கூப்பிடலைன்னா அவங்களுக்குத்தான் நஷ்டம். பாப்பாவைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு.”

பொய்யைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை.

“வியாழக்கிழமை லீவு போட்டுடுங்க. பாப்பாவைப் பாத்துக்கணும்” என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை.