புள்ளியில்லாத சூரியன்

இரண்டாயிரத்து எட்டில் விருதுநகரில் அத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கடையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த நண்பன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். நான் முஸ்லிம், அவன் இந்து. ஆனாலும் முறை வைத்து 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஹைட்ரஜனின் சிவப்பு நிறத்தில் மட்டும் சூரியனைப் படமெடுக்கும் கருவி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று இருவருக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது.

வரைபடம் என்னுடையது. மெல்லிய பிளவு வழியே வரும் வெயிலை நிறங்களாகப் பிரித்து, அந்த ஒரு சிவப்பை மட்டும் வெப்கேமராவில் பிடிக்க வேண்டும். சூரியன் தானாக நகர்ந்து பிளவைக் கடக்கும். கிடைக்கும் கீற்றுகளைக் கணினியில் வரிசையாக ஒட்டினால் முழு வட்டம். எல்லாமே பிளவின் நேர்த்தியில்தான் இருந்தது. அவன் இரண்டு சவர பிளேடுகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி விட்டுக் கொண்டுவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் முதல் படம் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த கரும்புள்ளிகள் இல்லை, அவற்றைச் சுற்றிய வெளிச்சத் திட்டுகளும் இல்லை. குறுக்கே சில கோடுகள் விழுந்த வெறும் தட்டு.

"பிளேடுல தூசி இருக்கு மாப்ளே. இடைவெளியும் சாஸ்தி," என்றேன்.

பிளேடுகளைக் கழற்றிக்கொண்டு போனான். மறுவாரம் புதிதாகச் செய்து வந்தான். கோடுகள் குறைந்தன, தட்டு அப்படியேதான் இருந்தது. நான்கு முறை மாற்றினான். அச்சகத்தில் தீபாவளிப் பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்திருந்த நேரம். லீவு கேட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறி வருவான்.

ஐந்தாவது ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இம்புட்டு வருசமா மெஷின்ல கை வச்சும் ரெண்டு பிளேட நேரா வைக்கத் தெரியலையேலே."

என் மனைவி காப்பியோடு படியேறி வந்தவள் அப்படியே நின்றாள்.

"பிளேடு சரியாத்தான் இருக்கு. நீ போட்ட வரைபடத்தப் பாரு," என்றான் அவன்.

"அதுல தப்பே இல்ல."

காப்பியைத் தொடாமல் இறங்கிப் போனான். பிறகு நான் போன் செய்தபோது எடுக்கவில்லை. நானும் இரண்டு முறைக்கு மேல் அடிக்கவில்லை.

மாதங்கள் கழித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வானியல் தளம் ஒன்றில் அந்த ஆண்டின் சூரியப் படங்களைத் தேதிவாரியாகப் பார்த்தேன். நாங்கள் மாடியில் நின்ற ஐந்து ஞாயிறும் சூரியனில் ஒரு புள்ளிகூட இல்லை. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை அது அடங்கிக் கிடக்கும் என்று படித்தவன்தான் நான். அவனைக் குறை சொல்லத் தோன்றிய எனக்கு அது தோன்றவில்லை.

படங்களை அச்செடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். அச்சக வாசலுக்கு வந்தான்.

"வாங்க பாய். சாப்பிட்டீகளா?"

தாள்களை நீட்டி, தேதிகளைக் காட்டினேன்.

"அப்ப பிளேடு சரிதானா?"

"சரிதான் மாப்ளே. தப்பு பூராம் எம்மேல."

தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இந்த ஞாயித்துக்கெழமை வாரியா?" என்றேன்.

"வேல கெடக்கு பாய். பாப்போம்."

அவனுக்குப் பின்னால் பாதி மெஷின்கள் வேலையில்லாமல் துணி போர்த்திக் கிடந்தன. நான் பஸ் ஏறினேன். அந்த வாரமே கருவியைப் பிரித்து, லென்ஸ்களைக் கடை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.