பின்னாலிருந்து உதைத்தது யார்

ஆழ்வார்பேட்டையில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் இடத்துக்கு அவ்வப்போது யாராவது நொண்டிக்கொண்டு வந்து, ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து எவனோ குதிகாலில் உதைத்துவிட்டான் என்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை என்பார்கள். என்னோடு வேலை செய்பவர்கள் சிரித்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒன்பது வயதில், அப்படி உதைத்த ஆளைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவள் நான்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். நான் அவரை மாமா என்பேன். அவர் என் அப்பாவை மாமா என்பார். அப்பாவும் அவரும் ஒரே படகில் போய்வந்தார்கள். கரைக்கு வந்ததும் அப்பா மீனைப் பார்ப்பார், மாமா என்னைத் தேடுவார். வலையில் சிக்கிய விலைபோகாத ஜீவன் ஏதாவது ஒன்றைப் பிளாஸ்டிக் மக்கில் கடல்தண்ணீரோடு எடுத்துவந்து, மேலே உள்ளங்கையால் மூடிக்கொண்டு, “உள்ள இன்னா கீது, சொல்லு பாக்கலாம்” என்பார். பந்தாக உப்பிப்போன பேத்தை மீன், விரல் நீளக் கடல்குதிரை, ஒரு நாள் கண்ணாடிபோல எதிர்ப்பக்கம் தெரிகிற ஏதோ ஒன்று. நான் சரியாகச் சொன்னதே இல்லை. பார்த்து முடித்ததும் இருவருமாகப் போய் அதை அலையில் விட்டுவிட்டு வருவோம்.

அந்த வாரம் எனக்கு அவர்மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் ராட்டினம் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தவர், சிநேகிதர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டார். மூன்று நாளாக நான் அவரோடு பேசவில்லை.

அப்பா மஞ்சள்காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு, அன்றுதான் மறுபடி கடலுக்குப் புறப்பட்டார். விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வலைக் குவியல்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மண்ணெண்ணெய் கேனோடு மாமா தாமதமாக ஓடிவந்தார். “தூங்கிக்கினே இருடா நீ, படகு தானா போவும்” என்று கத்திவிட்டு, அப்பா கால்விரல்களை ஈரமணலில் ஊன்றி, படகின் பின்பக்கத்தைத் தோளால் நெட்டித் தள்ளினார். பக்கத்தில் தள்ளிய இரண்டு பேரும் படகைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். மாமா அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த நேரம் ‘பட்’ என்று ஒரு சத்தம். நான் இருந்த இடம் வரை கேட்டது. அப்பா குதிகாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“எவன்டா ஒதச்சது?”

திரும்பினால் மாமா நிற்கிறார்.

“ரெண்டு வார்த்தை சொன்னா ஒதைப்பியாடா நீ?”

“ஐயோ, நான் இப்பதான் வரேன் மாமா. உங்க மேல படவே இல்ல.”

“அப்ப கடலம்மா வந்து ஒதச்சாளா?”

அப்பா சுற்றிலும் பார்த்தார். படகு பக்கம் திரும்பாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். “பாப்பா, நீ பாத்துக்கினுதானே இருந்த? இவன் ஒதச்சானா, இல்லியா?”

அவர் உதைத்து நான் பார்க்கவில்லை. மாமாவின் கால் அசையவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ராட்டினம் ஞாபகம் வந்தது. ஒரு திட்டு வாங்கட்டுமே, கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றியது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மக்குக்குள் என்ன இருக்கிறதென்று நான் தப்பாகச் சொல்லும்போது பார்ப்பாரே, அந்த மாதிரி. பிறகு கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆமா மாமா. கால் பட்டுட்சி. தெரியாமதான்.”

அவரே ஒப்புக்கொண்டதும் எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஒருவேளை நிஜமாகவே உதைத்திருப்பாரோ, நான் சொன்னது பொய் இல்லையோ என்றுகூட நினைத்தேன். அப்பாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. குப்பமே கேட்கும்படி திட்டினார். என் படகில் இனிமேல் கால் வைக்காதே என்றார். சாயங்காலம் மாமா இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த சிநேகிதரிடம் போய்விட்டார். அம்மா நிலைப்படியில் நின்று அவர் போகும் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல நாள் அப்பாவுக்குச் சோறு போட்டாளே தவிர முகம் பார்த்துப் பேசவில்லை.

கால் வீங்கியது. அம்மா மீனுக்கு வாங்கிய ஐஸை உடைத்துத் துணியில் கட்டி வைத்தாள். சுளுக்கு எடுக்கிறவர் வந்து, சுளுக்குதான் என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டார். வலி பெரிதாக இல்லை; வீக்கமும் வடிந்தது. அப்பா பாதத்தைத் தட்டையாக வைத்து வைத்து நடக்கவும் செய்தார். ஆகவே சரியாகிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அம்மாதான் ஒன்றைக் கவனித்தாள். பரண்மேலிருந்து வலையை எடுக்க அப்பா எக்கினால் ஒரு குதிகால்தான் தூக்கியது. இன்னொன்று தரையை விட்டு வரவே இல்லை. மூன்று வாரம் கழித்து, அதட்டித்தான் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் லீவு, நானும் போனேன்.

அம்மா காமாலையையும் படகு தள்ளியதையும் சொன்னதும், டாக்டரம்மா அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கின. நல்ல காலின் ஆடுசதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் கீழே போய் வந்தது. மற்றக் காலை அழுத்தினார். பாதம் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். அப்போதும் இல்லை.

“யாரோ பின்னாலேர்ந்து உதைச்ச மாதிரி இருந்துச்சா?”

“மாதிரி இல்லம்மா. ஒதச்சான். என் மச்சான்தான்.”

“இந்தக் கேஸ்ல வர்ற முக்கால்வாசிப் பேர் இதையேதாங்க சொல்றாங்க. ஆடுசதையைக் குதிகாலோட சேக்கிற நார் அறுந்துபோச்சு. ரொம்ப நாள் படுத்திருந்துட்டு திடீர்னு எக்கித் தள்ளினீங்க இல்ல? அறுந்தா அப்படித்தான் இருக்கும். யாரும் உதைக்க வேணாம்.” என்னைக் கூப்பிட்டு, குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே என் விரலை வைத்தார். “இங்க தொடு. பள்ளம் தெரியுதா?”

தெரிந்தது. கயிறு இருக்கவேண்டிய இடத்தில் விரல் உள்ளே போயிற்று.

“அவனே ஒத்துக்கினானேம்மா,” என்றார் அப்பா, தலையணையில் முகம் இருந்தபடியே. டாக்டரம்மா சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். உடனே வந்திருந்தால் கட்டுப் போட்டே சேர்த்துப் பார்த்திருக்கலாம், இனி ஆபரேஷன்தான் என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து, எக்கிப் பார்ப்பவனைப்போல விரல்கள் கீழ்நோக்கிய மாவுக்கட்டோடு அப்பா வீட்டில் கிடந்தார். படகை வேறொருவர் ஓட்டினார். வலையில் சிக்கிய விநோதங்களையெல்லாம் அவர் மணலிலேயே உதறிவிட்டுப் போனார். நான் காலி மக்கோடு கரையில் நின்றிருக்கிறேன்.

ஊன்றுகோல் பழகியதும் அப்பா முதலில் போன இடம் ஈக்காட்டுத்தாங்கல். ஆட்டோவில் என்னையும் அழைத்துப் போனார். பட்டறைச் சத்தத்திலிருந்து மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார்.

“கால் எப்டி கீது மாமா?”

“யாரும் ஒதைக்கலியாம். டாக்டரம்மா சொன்னாங்க.” அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அதுதான் அவரால் முடிந்தது. “பின்ன ஏன்டா ஒத்துக்கின?”

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. “நீங்க போட்ட சத்தத்துல எதுனா ஒண்ணு சொல்லித்தானே ஆவணும்?” என்று சிரித்தார்.

அப்பாவின் கண் ஒரு தடவை என்மேல் வந்துவிட்டுப் போயிற்று. “வூட்டுக்கு வாடா.”

“வரேன் மாமா.”

சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார், விருந்தாளியைப்போல நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார், போனார். கடலுக்கு மட்டும் திரும்பவில்லை. பிறகு மஸ்கட்டில் ஒரு பட்டறை, அங்கேயே குடும்பம். இப்போதும் போனில் “இன்னா பாப்பா” என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அன்றைக்குப் பட்டறை வாசலில் அவர் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது ஆட்டோவில் அதை உறிஞ்சிக்கொண்டே பயந்தபடி இருந்தேன். நீ பார்த்தேன் என்றாயே என்று இப்போது அப்பா கேட்பார், அடையாறு வருவதற்குள் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்காமலிருக்க ஒருவர் வீட்டைவிட்டே போனார் என்றோ, அதைப் புரிந்துகொண்ட இன்னொருவர் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்களுக்கு எல்லாம் சீக்கிரம் மறந்துபோகிறது என்றுதான் நினைத்தேன். அந்த நிம்மதியில் அப்பாவின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன்.