ஜப்பான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது

எதிர் ஃப்ளாட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வரப்போகிறது. தெருவில் அடிபட்டுக் கிடந்ததை யாரோ எடுத்துப் போய்க் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதை எடுத்து வளர்ப்பதற்கு ஒரு படிவம் வேறு. அந்த வீட்டுப் பெண் அதைக் கொண்டுவந்து, “சரியா எழுதியிருக்கேனா, கொஞ்சம் பாருங்க ஆன்ட்டி” என்றாள். எண்பதைத் தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிடுகிற பெண்ணிடம் எதையும் மறுக்க எனக்கு மனசு வராது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். காகிதத்தில் லேசாக ஃபினாயில் வாசனை. நாலாவது கேள்வி: ‘வீட்டில் உள்ள அனைவருக்கும் இதில் சம்மதமா?’

அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வாசனையா, கேள்வியா, எது என்னைப் பட்டாபிராமுக்கு இழுத்துக்கொண்டு போனது என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியிலும் ஃபினாயில்தான் மணக்கும். அதோடு கரிப்புகை, யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல், என் தலையில் வழிந்த எண்ணெய். அப்படி ஒரு பெட்டியில் ஏறித்தான் நாங்கள் பட்டணத்தை விட்டு ஓடினோம்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்த சமயம். எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்களைப் பட்டாபிராமில் ஒரு ஓட்டு வீட்டின் பின்பாதியில் குடிவைத்துவிட்டு, தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்தார். குண்டு விழுந்தால் அவர் தலையில் மட்டும் விழட்டும் என்ற ஏற்பாடு. முன்பாதியில் வீட்டுக்காரி பாக்கியம்மா. பிள்ளைகுட்டி இல்லாதவள். நிலமும் இரண்டு ஆடும் உண்டு. சுற்றிலும் கள்ளிவேலி, வேலிக்கு அப்பால் பொட்டல், பொட்டலின் கோடியில் பட்டாளத்துச் சரக்கு வண்டிகள் நிற்கும் தண்டவாளம். பள்ளிக்கூடம் கிடையாது, தோழிகள் கிடையாது. வண்டிகளை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் திரும்ப எண்ணுவேன்.

வீட்டில் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமான ஒன்றரை வருஷத்தில் புருஷனை ஜுரத்தில் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்தவள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தண்ணீர் எடுப்பாள், சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நானே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை நானும் சித்தியும் கிணற்றடியில் இருந்தோம். தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் முனுசாமி, தோளில் ஒரு ஈரச் சாக்கோடு வேலி ஓரம் வந்து நின்றான். சாக்கு முனகியது.

“கேம்ப்ல நாய்ங்க மூட்டையெல்லாம் கிழிக்குதுன்னு சுட்டுத் தள்ளிட்டானுங்கம்மா. ஆத்தாக்காரி போய்ட்டா. குட்டிங்க அஞ்சு, வேகனுக்கு அடில கெடந்துச்சுங்க. நான் போறதுக்குள்ள நாலு போயிடுச்சு. இது ஒண்ணுதான் கீது.” சாக்கைப் பிரித்தான். செம்மண் நிறத்தில் ஒரு கைப்பிடி உயிர். கண் பாதிதான் திறந்திருந்தது. “எனக்குத் திங்கக்கெயம அரக்கோணம் பக்கம் மாத்தல். ரயில்ல இத்த தூக்கிகினு போவ முடியாது. நாளிக்கி சாயங்காலம் வரேன். ஊட்ல கேட்டு சொல்லுங்க.”

நான் தொட்டுப் பார்த்தேன். சித்தி தொடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி குடத்தைக் கிணற்றுக்குள்ளேயே மறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார். அவருக்கு எதையும் ஓட்டெடுத்து முடிவு செய்வதில் பிரியம். முடிவு அவருடையதாகவே இருக்கும் என்பது வேறு விஷயம்.

“நாமளே ஒண்டிக் குடித்தனம். நமக்கு ஒரு ஒண்டியா?” என்றாள் அம்மா.

நான் அழுதேன். அதுதான் என் ஓட்டு.

“வீட்ல வேண்டாம்னு ரெண்டு பேர், வேணும்னு ஒருத்தி” என்று அப்பா துண்டை உதறினார். “ஆச்சு.”

சமையலறை நிலைப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னை யாரும் கேக்கலையே, அத்தான்.”

அப்பா திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து சித்தி அவர் இருக்கும்போது தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. கையில் கழுவாத வாணலி இருந்தது.

“உனக்கு என்னம்மா...” என்று இழுத்தார்.

“எனக்கு வேணும். நான் பாத்துக்கறேன். என் சோத்துலேர்ந்து போடறேன்.”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ இருக்கற இருப்புல நாய் வளக்கறியா? நாலு பேர் என்னடி சொல்லுவாங்க?”

“இந்த ஊர்ல நாலு பேர் எங்க இருக்காங்க அக்கா?”

பொட்டல்வெளியைக் காட்டி அவள் அதைக் கேட்டவிதத்தில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. தங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், பரணிலிருந்து பழைய பிரம்புக் கூடை ஒன்றை எடுத்து வந்து நிலைப்படியில் வைத்தாள்.

“ரெண்டுக்கு ரெண்டு” என்றார் அப்பா. “கூடையும் ஓட்டுப் போட்டுடுச்சு.”

அன்று சாயங்காலம் முனுசாமி குட்டியைச் சித்தியின் முந்தானையில் போட்டான். “ஆட்டுப்பால்ல துணி நனைச்சுக் குடும்மா. பொழச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான். அவனை அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை.

ஜப்பானுக்குப் பயந்து ஓடிவந்த இடத்தில் கிடைத்ததால் அப்பா அதற்கு ஜப்பான் என்றே பெயர் வைத்தார். ஒருநாள் நான் வாசலில் நின்று, “ஜப்பான் வந்துடுச்சு, ஜப்பான் வந்துடுச்சு!” என்று கத்தியதில், எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை விட்டுக் குதித்துப் பள்ளத்தில் படுத்துக்கொண்டார். அதற்காக வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. சித்தி மட்டும் அதை அப்பு என்று கூப்பிட்டாள். அது இரண்டு பெயருக்கும் வாலாட்டும். ஆனால் ஓடிப்போவது அவளிடம்தான். அவளோடு கிணற்றடிக்கு, அவளோடு விறகு பொறுக்க. பேசாத சித்தி அதனிடம் பேசிக்கொண்டே நடப்பாள். நான் பின்னால் போவேன். என்ன பேசுகிறாள் என்று கேட்க ஆசை. கிட்டே போனால் நிறுத்திவிடுவாள்.

வருஷம் ஒன்றாயிற்று. பயம் தெளிந்து சனங்கள் பட்டணம் திரும்ப ஆரம்பித்தார்கள். அப்பா புரசைவாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்தார். வீட்டுக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். இந்தத் தடவை ஓட்டெடுப்பு இல்லை. பாக்கியம்மாவிடம் விட்டுவிடுவது என்று அப்பா சொன்னார், எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

கிளம்பும் நாள் வண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. சித்தியின் துணி மூட்டை மட்டும் வரவில்லை.

“நான் இங்கயே இருக்கேன்” என்றாள்.

அம்மா கத்தினாள், அழுதாள், கையைப் பிடித்து இழுத்தாள். “ஒரு நாய்க்காகவா? கூடப் பொறந்தவளை விட ஒரு நாய் பெரிசாடி?”

“நாய்க்காக இல்லக்கா” என்று மட்டும் சொன்னாள்.

பாக்கியம்மாதான் நடுவில் வந்தாள். “இருந்துட்டுப் போட்டுமேம்மா. எங்கூட்ல ஒரு ஆளுக்கு எடமில்லையா இன்னா?”

வண்டி நகர்ந்தது. சித்தி வேலி ஓரம் நின்றாள், காலடியில் நாய். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் அசைக்கவில்லை. எனக்காக வந்துவிடுவாள் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன்.

மாடிப் போர்ஷனில் என் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்குத் தரை காலியாகக் கிடந்தது. அம்மா அங்கே ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து அப்பா என்னை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனார். அம்மா வர மறுத்துவிட்டாள். பூந்தமல்லித் தையற்கார பாய் ஒருவர் பட்டாளத்துக் காக்கிச் சட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட, சித்தி அவற்றுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களோடு இருந்தவரை வெள்ளையே உடுத்தியவள் உடம்பில் நீலக்கரை போட்ட புடவை. வளர்ந்து நின்ற ஜப்பான் என்னைப் பார்த்து விடாமல் குரைத்தது. “அடையாளம் தெரியலை அதுக்கு” என்று சித்தி சிரித்தாள். வாய்விட்ட, பெரிய சிரிப்பு. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தும் நான் கேட்டிராத சிரிப்பு. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் வரும்வரை அவளிடம் பேசாமலே இருந்தேன். பத்து வயதுப் பொறாமைக்கு மன்னிப்பு உண்டு என்கிறார்கள். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் அவள் எழுதிய கடிதங்களை அம்மா எனக்குக் காட்டவில்லை. நாய் செத்த செய்தியும், வருஷங்கள் கழித்துச் சித்தி போன செய்தியும், எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வந்தன.

படிவத்தைப் படித்த மறுநாள் மனசு கேட்காமல் ஒரு ஆட்டோ பிடித்துப் பட்டாபிராம் போய்ப் பார்த்தேன். பொட்டல் இல்லை, கிணறு இல்லை, கள்ளிவேலி இருந்த இடம் எது என்பதே பிடிபடவில்லை. எங்கும் மாடி வீடுகள். முனைக் கடையில் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாக்கியம்மா வீடு, அங்கே ஒரு நாயோடு இருந்த பெண்பிள்ளை என்று என்னென்னவோ அடையாளம் சொன்னேன்.

“அவுங்க பேரு இன்னாம்மா?” என்றார்.

எனக்கு அவள் எப்போதும் சித்திதான். வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை.

“சரஸ்வதி” என்றேன். என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தார். தெரியவில்லை என்று தலையசைத்துவிட்டு, காத்திருந்தவருக்கு வெங்காயம் நிறுக்கத் திரும்பிக்கொண்டார்.