பதினொரு நிமிடப் படகு

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். முப்பத்துநான்கு வயதாகி, காதோரம் நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது, ஆனாலும் சின்னவள்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்து, வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், வழக்கம்போல மூன்று மணிக்கு டிவி மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். தபால் படகு கேசட்டைக் காணோம்.

மூடினாள். மறுபடி திறந்தாள். அப்போதும் இல்லை.

அந்தக் கேசட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'ஒரு விளையாட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்டவர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் அது. ஒரு குட்டிப் படகு தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுக்கும். சுடுவது கிடையாது, குதிப்பது கிடையாது. ஆனால் அதில் கடல் ஏறும், இறங்கும். எந்த நாளில் எந்தப் பாறை தலைகாட்டும் என்று சின்னவள் பதினேழு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. இயந்திரம் பாட்டுக்கு ஓட, வடக்குத் தீவின் நீர்மட்டம் அவள் மனசுக்குள் ஓடும். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். யாராவது வாய்தவறி "அது என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. முதலாளி ஒருமுறை கேட்டுவிட்டு, கையிலிருந்த டீ ஆறி, இன்னொன்று வாங்கி, அதுவும் ஆறும்வரை நின்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர், அவளுக்கு இருப்பது ஆட்டிசம் என்றும், இப்படி ஒன்றில் முழுசாய் மூழ்குவது அதில் ஒரு பகுதி என்றும் சொன்னார். சின்னவள் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அது பகுதியாகத் தெரியவில்லை, சந்தோஷமாகத் தெரிந்தது.

கேசட்டுக்குள் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி. ஆட்டம் எங்கே நின்றது என்பதை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். இருபத்தாறு வருடம் அது தாங்கியதே பெரிது. "பேட்டரி தீரப்போகுது" என்று போன வாரம் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம் இந்த வீட்டுச் சாவி உண்டு.

'கேசட் எங்கே?' என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'பேட்டரி மாத்தக் கொடுத்திருக்கேன். மார்க்கெட் ஓரத்து ரிப்பேர் கடை. நாலு மணிக்கு ரெடி. சர்ப்ரைஸ்!'

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியே உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. தீரப்போகிறது என்பது உண்மை, சொன்னாள். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டியதுதானே என்று அக்காவும் கிளம்பிவிட்டாள். இந்த இரண்டு பேரும் சேர்ந்தால்தான் இப்படி ஒரு வினை நடக்கும்.

கடைக்குப் போன் போட்டாள். "ஹலோ, சொல்லுங்க" என்றது ஒரு குரல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஹலோ? ஹலோ?" போன் கட்டாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். சத்தத்தை மறைக்கும் ஹெட்போன் மேசையிலேயே கிடந்தது.

ஹெட்போன் இல்லாமல் அவள் தெருவில் இறங்கியதே கிடையாது. பஸ் ஹாரன் ஒவ்வொன்றும் பல்லுக்குள் இறங்கியது. நடைபாதையை யாரோ இயந்திரத்தால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு, சுவரோரமாக, 'முதல் பாறை மூன்றாம் நாள், இரண்டாம் பாறை ஐந்தாம் நாள்' என்று முணுமுணுத்தபடி ஓடினாள். கடைக்காரர் இதற்குள் பேட்டரியைக் கழற்றியிருப்பாரோ? அந்த ஒரே நினைப்புதான் அவளை விழாமல் ஓட்டியது.

கடையில் விளக்குக்கு அடியில் கேசட் திறந்து கிடந்தது. ரிப்பேர்க்காரரின் கையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன், முனையில் புகை. நிறுத்துங்க என்று கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கையை நீட்டிக் கேசட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள்.

"ஏம்மா, கை வெந்துடும்! யாரு நீங்க?"

சின்னவள் கையை எடுக்கவில்லை. மறு கையால் கோட்டுப் பையிலிருந்து லென்ஸ் அளவு எழுதும் சீட்டை எடுத்துக் கிறுக்கினாள்: 'கழற்றாதீர்கள். கழற்றினால் அழிந்துவிடும்.'

அவர் படித்தார். அயர்னைத் தாங்கியில் வைத்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மாத்தணும்னு மட்டும்தான் அந்தம்மா சொன்னாங்க."

அதற்குள் அந்தம்மாவே மூச்சிரைக்க வந்து நின்றாள். செய்திக்குப் பதில் இல்லாமல் போனதும் அக்காவும் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். "என்னடி இது, இப்படி நடுங்கற? உன் ஆட்டமெல்லாம்தான் நோட்டுல இருக்கே!"

வார்த்தை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. "என்னோடது போனா போகட்டும்க்கா. ஆறு மாசத்துல திரும்ப ஆடிடுவேன். இதுல ரெண்டாவதா ஒரு பதிவு இருக்கு. உன்னோடது."

அக்காவுக்கு ஞாபகம் வரச் சற்று நேரமாயிற்று. சின்னவளுக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் 'இனி அனுப்பாதீங்க' என்று சொல்லிவிட்ட நாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் வெளியே வரவே இல்லை. பதினைந்து வயது அக்கா எதுவும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து, இந்த விளையாட்டைப் போட்டு, படகைத் தப்புத் தப்பாக ஓட்டிப் பாறையில் ஏற்றினாள். தப்பைப் பொறுக்க முடியாமல் சின்னவள் வெளியே வந்தாள். அப்புறம் யாரோ கூப்பிட, அக்கா எழுந்து போனாள். மொத்தம் பதினொரு நிமிடம். அதற்குப் பிறகு அக்கா இந்த ஆட்டத்துக்கு உட்கார்ந்ததில்லை.

அக்கா குனிந்து, திறந்து கிடந்த கேசட்டைப் பார்த்தாள்.

"வெளியிலேர்ந்து ஒயர்ல கரண்ட் கொடுத்துக்கிட்டே மாத்தலாம்" என்றார் ரிப்பேர்க்காரர். "ஆனா ஒயர் ஒரு தடவை விலகினாலும் போச்சு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

மாற்றாவிட்டாலும் ஒருநாள் போய்விடும். சின்னவள் கேசட்டின் மேலிருந்த கையை எடுத்தாள். "ஒயரை நான் பிடிச்சுக்கறேன்."

உடம்பு முழுக்க உதறியது. விரல்கள் மட்டும் உதறவில்லை. பன்னிரண்டு வருடம் லென்ஸ் பிடித்த விரல்கள். அக்கா பின்னால் நின்று அவள் தோள் இரண்டையும் இறுக அழுத்திக்கொண்டாள். மெல்லத் தொட்டால் அவளுக்கு ஆகாது என்று அக்காவுக்குத் தெரியும். பழைய பேட்டரி கழன்று மேசையில் உருண்டபோது சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். கையை மட்டும் அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டிவியைப் போடும்போது மணி ஐந்து. திரையில் இரண்டு பதிவுகளின் வரிகளும் இருந்தன. இரண்டாவதற்குப் பக்கத்தில் பதினொரு நிமிடம் என்றிருந்தது. சின்னவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். "படகு இன்னும் பாறையிலயேவா நிக்குது?"

"நான் தொட்டதே இல்ல."

"எப்படி எடுக்கறது இதை?"

"ஒண்ணும் பண்ணாத. இன்னும் நாப்பது செகண்டுல தண்ணி ஏறும்."

தண்ணீர் ஏறியது. படகு மெல்ல மிதந்து பாறையை விட்டு விலகியது. அக்கா தட்டுத் தடுமாறி அதைப் பக்கத்துத் தீவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பழைய பதிவை அழித்துப் புதியதை வைக்கவா என்று திரை கேட்டது.

நாள் முழுக்க எதற்காக ஓடினாளோ, அந்தப் பதினொரு நிமிடம் இப்போது ஒரு பொத்தானில் போய்விடும்.

"வேணாம்னா விட்டுடறேன்டா" என்றாள் அக்கா.

சின்னவள் அக்காவின் புடவை நுனியை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

"பண்ணு. ஆனா இந்தத் தடவை எழுந்து போயிடாத."