சிவப்பு ஸ்டிக்கர்

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக மேஸ்திரி அவர். எந்தச் சாமான் எந்தப் பெட்டியில் போகும், பீரோவை எப்படிச் சாய்த்தால் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டாது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. எதையும் விட மனசில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வீட்டுக்காரர்களிடம் எப்போதும் ஒன்றே சொல்வார்: "நீங்களே ஒரு தடவ தூக்கிப் பாருங்க. வேணுமா வேண்டாமான்னு கை சொல்லிடும்."

அப்படிப்பட்டவர் தன் வீட்டுப் பின்னறையைப் பதினாறு மாதமாகத் திறக்கவில்லை.

அது மனைவியின் அறை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தவள். முட்டை அட்டை, அறுந்த பொத்தான், காலி டப்பா என்று எதைத் தூக்கிப் போடப் போனாலும், "இருக்கட்டும், உதவும்" என்று வாங்கி வைத்துக்கொள்வாள். உதவும் உதவும் என்று சேர்ந்ததில் ஜன்னல் பாதி மறைந்துபோனது. அவள் போன பிறகு அவர் கதவைச் சாத்தினார், சாத்தியது சாத்தியதுதான். ஆனால் மகன் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதுகிறான். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவே நோட்டை விரித்துக் கணக்குப் போடுகிறான். அறையை ஒழித்தே ஆக வேண்டும். ஒழித்துவிட்டால், அவள் இங்கே இருந்தாள் என்று சொல்ல என்ன மிஞ்சும்? அந்தப் பயம்தான் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

குளிர் விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, மொத்த வீட்டையும் கழுவித் துடைப்பது என்று முடிவாயிற்று. அதைக் கேட்டதும் மகனுக்கு என்றுமில்லாத படிப்பு ஆசை வந்துவிட்டது. எட்டு வயது மகள் வலது கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். அரைமணி கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனபோது இடது காலை நொண்டினாள்.

மேஸ்திரி கோபப்படவில்லை. கம்பெனித் தொப்பிகள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்து, வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார். இரண்டு கால் வலியும் ஒரே நொடியில் பறந்தது.

"நான் சூப்பர்வைசர்," என்றாள் மகள். "அண்ணன் எனக்குக் கீழ."

"பென்சில் டப்பாவ எங்க வச்சோம்னு தெரியாதவங்க எல்லாம் சூப்பர்வைசர்," என்று முனகிக்கொண்டே மகன் மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறினான்.

அவர் அடுப்படியை எடுத்துக்கொண்டார். பின்னறைச் சாவியையும் இரண்டு ஸ்டிக்கர் சுருள்களையும் மகளிடம் கொடுத்து, இருக்க வேண்டியதற்குப் பச்சை, போக வேண்டியதற்குச் சிவப்பு என்று சொன்னார். அவள் கண்ணாடி முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். தானே அந்த அறைக்குள் போயிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு நிறைய இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சிவப்பு ஒட்டியதைக் கீழே இறக்கிப் பழைய சாமான் கடையில் போட, கம்பெனி லாரியோடு 'யானை' வந்திருந்தான். நாற்பத்தெட்டு கிலோ எடை. ஆனால் தனியாளாக ஃபிரிட்ஜ் தூக்குவான். அதனால் அந்தப் பெயர்.

பதினொரு மணிக்கு, புகைக்கூண்டைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். லாரியில் மனைவியின் நாலுகால் ஸ்டூல் ஏறிக்கொண்டிருந்தது. யானை பழக்கதோஷத்தில் அதற்குக் கம்பளி சுற்றிக் கயிறுகூடக் கட்டியிருந்தான்.

மூன்று மாடியை அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கையில் சோப்பு நுரை. லாரியில் அவளுடைய வர்ணக்கறை படிந்த மேலங்கி, தூரிகைக் குவளை, அட்டைக் கிரீடம், படச் சுருள்கள், மூட்டை மூட்டையாக 'உதவும்'கள். எல்லாவற்றின் நெற்றியிலும் சிவப்பு.

பின்னாலேயே ஓடி வந்த மகள் பெருமையாகக் கேட்டாள்: "அம்மா சாமான் எல்லாம் பத்திரமா போகுதுல்லப்பா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன விடுமுறை முழுக்க அவள் லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். கம்பெனியில் சிவப்பு என்றால் 'உடையும், பத்திரம்'. சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

நல்லவேளையாக லாரி இன்னும் கிளம்பவில்லை. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். யானை முதுகைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இறக்கித் தரேன். மறுபடி மேல ஏத்தறது உங்க குடும்ப விவகாரம்."

லிஃப்ட் கிடையாது. சத்தம் கேட்டு இறங்கி வந்த மகன் ஒரு பெரிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். முதல் திருப்பத்தில் இறக்கி வைத்து, பிரித்துப் பார்த்தான். முட்டை அட்டை.

"அப்பா, இத மூணு மாடி தூக்கணுமா?"

மேஸ்திரி ஒரு முட்டை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்னது திரும்பி வந்து தன் வாசலிலேயே நிற்கிறது. மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்பாவின் குரலிலேயே, தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கை என்னங்க சொல்லுது?" என்றான்.

முதலில் சிரித்தது, கீழே நின்ற யானை. அப்புறம் மேஸ்திரி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். துடைக்கப் போய் சோப்பு பட்டு, இன்னும் தண்ணீர்.

அதன் பிறகு வேலை தானாக நடந்தது. அவரவர் கையால் மூன்று மாடி சுமந்தது மட்டும் வீட்டில் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். முட்டை அட்டைகளும் டப்பாக்களும் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், அங்கே நிஜமாகவே உதவும் என்று மகன் சொன்னான். மகள் மேலங்கியை மாட்டி, கிரீடத்தைத் தொப்பிக்கு மேலே வைத்து, அங்கி தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி ஏறினாள். மகன் தூரிகைக் குவளையையும், தான் நான்கு வயதில் வரைந்த பச்சை நிற நாயையும் எடுத்துக்கொண்டான். மேஸ்திரி ஸ்டூலைத் தூக்கினார். அதன் ஒரு காலை அவர்தான் ஒட்டியிருந்தார், கோணலாக. மாற்ற வேண்டாம், ராத்திரி உட்கார்ந்து வரையும்போது ஆடினால் தூக்கம் வராது என்று மனைவி சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் பின்னறை ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. கழுவிய தரையில் வெயில் விழுந்தது. மகன் படிக்க ஒரு மேஜையும் வந்துவிட்டது. மேஸ்திரி குனிந்து ஸ்டூலின் ஸ்டிக்கரை நகத்தால் உரிக்கப் பார்த்தார்.

"உரிக்காதீங்கப்பா," என்றாள் சூப்பர்வைசர். "பத்திரம்னு தெரியாம யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

சரி என்று விட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எப்போதும் போல இடதுபக்கம் ஆடியது.