பாசாங்கு என்று எழுதியவர்

முதலில் கணவரின் கையிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை விழுந்தது. இரண்டாவது கோப்பை விழுந்தபோது நான் கத்தினேன்.

அவர் ஹம்பேர்க்கில் ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்தார். நான் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவி. அமெரிக்கா பிரித்தானியரின் கீழ் இருந்த காலத்தில் வர்ஜீனியாவில் வாழ்ந்த ஒரு புகையிலைத் தோட்ட முதலாளியின் நாட்குறிப்புதான் என் ஆய்வுப் பொருள். சட்டசபையில் இருந்தவர், மகனோடு ஓயாமல் சண்டை பிடித்தவர், தன் வயிற்றுவலியைப் பக்கம் பக்கமாக எழுதியவர். அவருடைய அடிமைகளுக்கு அவரே வைத்தியர். வாந்தி மருந்து கொடுப்பார், இரத்தம் எடுப்பார். பாசாங்கு என்று பட்டால் சவுக்கு. வாசிக்க வாசிக்க எனக்கு ஆத்திரம் வரும்.

அந்த நாட்களில்தான் கணவர் சொன்னார்: "கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு."

"வேலைக்குப் போகப் பஞ்சியெண்டால் அதைச் சொல்லுங்கோ. நடிக்காதையுங்கோ."

அவருடைய ஜெர்மன் போதாது. வைத்தியரிடம் நானும் போகவேண்டும். என் அத்தியாயம் முடியட்டும் என்று டெர்மினை (முன்பதிவை) இரண்டு முறை தள்ளிவைத்தேன். ஐந்து மாதம் போனது.

நரம்பியல் மருத்துவர் மெதுவாகச் சொன்னார்: ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் நோய்). குணமாகாது என்றும் சொன்னார். தமிழில் சொல்லும்போது அதை விட்டுவிட்டேன்.

"முழுக்கச் சொன்னீரோ?" என்று கணவர் கேட்டார்.

"ஓம்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். முன்னரே வந்திருந்தாலும் நோய் நின்றிருக்காது என்று மருத்துவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து மாதமும் அவர் பெட்டி தூக்கினார்.

சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஒருநாள் அந்த நாட்குறிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நோய் வருத்தமென்று படுத்த அடிமை ஒருவனை முதலாளி வயலுக்கு விரட்டியதையும், அவன் செத்ததையும் சொன்னேன்.

"பிறகு?"

"பிறகு மழையைப் பற்றி எழுதியிருக்கிறார்."

நாக்குத் தடித்த குரலில் கேட்டார்: "நீர் டயறி எழுதியிருந்தால் என்னைப் பற்றி என்ன இருந்திருக்கும்?"

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லும்."

"பாசாங்கெண்டு."

தலையசைத்தார். வாயைத் துடைத்துவிடச் சொன்னார்.

இப்போது அவருக்குப் பேச்சு இல்லை. ஒரு கரண்டி கஞ்சி இறங்க நான்கு நிமிடம் ஆகிறது. அவர் தொண்டை அசையும்வரை நான் என் எச்சிலையும் விழுங்குவதில்லை. ஒரு கரண்டியிலிருந்து அடுத்த கரண்டிவரை என்றுதான் பொழுதைக் கணக்கிடுகிறேன்.

போன கிழமை அவர் விழுங்கி முடிக்கமுன் அடுத்த கரண்டியை நீட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டார். அவரைப் பராமரிக்க வீட்டுக்கு வரும் தாதி வந்து கரண்டியை வாங்கும்வரை திறக்கவில்லை.